அளக்க ஆள் வராத வேலை

என் தங்கையை மலைப்பாதை வேலைக்கு அனுப்பலாமா என்று நான் கேட்டபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு, "கூலி யாரு குடுக்குறா?" என்றார்.

"கூலி கெடையாதுப்பா. இஷ்டப்பட்டு வர்றவங்க செய்யிற வேலை."

"சோறு?"

"மதியத்துக்கு ஒரு பொட்டலம் குடுப்பாங்களாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "கேட்டுக்க. எங்கப்பன் பண்ணதும் இதுதான். அவரு படிக்காம பண்ணாரு. ஒம் பெரிய மவ காலேஜு படிச்சிட்டு தங்கச்சிய அனுப்பி வெக்கிறா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை மட்டும் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் கேட்டது அவளுக்காகத்தான் என்றாலும், அவள் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்பது அந்தப் பிசைதலைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், குன்னம் பக்கம். தாத்தா காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. பண்ணைக்காரர் வயலில் கூலி வேலை. அந்தக் கூலி வேலை தொடங்குவதற்கு முன்னால் விடிகாலையில் அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி அள்ள வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. மிச்சம் இருந்தால் பழைய சோறு ஊற்றுவார்கள். அப்பாவும் சின்ன வயதில் தாத்தாவோடு அந்தக் கொட்டகையில் சாணி அள்ளியவர்தான். ஒருநாள் கூடையைப் போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறிப் போனார். இப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அன்றிலிருந்து கூலி பேசாமல் அவர் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னால்கூட வெளியே போய் நின்றுகொள்வார்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். பெரம்பலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை ஏன் அடக்கிக்கொள்ள வேண்டும்?

தங்கை அப்போதுதான் ப்ளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ஒருமுறை பள்ளியில் அவர்களைக் கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார்கள். அங்கே வந்த வனத்துறை அம்மா ஒருவர், காட்டைப் பற்றிப் படிக்கவே மேட்டுப்பாளையத்தில் ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவளுக்கு அதே பேச்சு. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவ்ளோ தூரம் போயி ஆஸ்டல்ல இருப்பியா நீ? கடையில போயி ஒரு சோப்பு கேக்க வாய் வராது ஒனக்கு," என்பார். அது உண்மைதான். எங்களிடம் கிளி மாதிரி பேசுகிறவள், வெளி ஆள் வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

நான் அவளை அந்த வேலைக்குப் போகச் சொன்னதற்குக் காரணமும் அதுதான். கல்லூரியில் முதல் வருடம் எனக்கும் வாய் வரவில்லை. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதுவரை எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே வகை: ஒன்று சொந்தக்காரர்கள், இன்னொன்று எங்கள் ஆட்கள் யாரிடம் வேலைக்குப் போகிறார்களோ அவர்கள். இந்த இரண்டிலும் சேராத ஒருவர் பக்கத்தில் சமமாக எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சைமலை அடிவாரத்தில், லாடபுரத்துக்கு மேலே, அருவிக்குப் போகும் பாதையைக் கோடை விடுமுறையில் சீர்செய்ய ஆள் வேண்டும் என்று எங்கள் கல்லூரி வாட்ஸ்அப்பில் தகவல் வந்தபோது, அங்கே என் தங்கை மரங்களைத் தெரிந்துகொள்வாள் என்பதைவிட மனிதர்கள் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்வாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு ரசம் சாதம் முடிந்து மோர் வந்தபோது தங்கையே பேசினாள்.

"காட்டுப் படிப்பு படிக்கணும்னா காட்டுல ஒரு பத்து நாளாவது நிக்க வேணாமாப்பா?"

"நிக்கிறதுன்னா நில்லு. மம்பட்டி எதுக்கு?"

"சும்மா நின்னா யானை தூக்கிட்டுப் போயிடும்."

"பச்சமலையில யானை எங்கருந்து வந்துச்சு?"

"அது தெரியாமத்தான நீ பயப்படுற."

அப்பா கை கழுவப் போனார். மறுநாள் காலையில் லாரிக்குக் கிளம்பும்போது என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்.

"போவட்டும். ஆனா எவனாவது எம் புள்ளைய, ஏய் இத எடு அத தூக்குன்னு ஏவுறான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே கூட்டியாந்துடுவேன். அதுக்கப்பறம் மேட்டுப்பாளையம் கீட்டுப்பாளையம்னு ரெண்டு பேரும் எங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது."

யாரும் யாரையும் ஏவாமல் நடக்கிற மண் வேலை எந்த ஊரில் இருக்கிறது? தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள், "அப்பா வந்து பாக்கவா போவுது," என்றாள்.

அம்மா அவள் பையில் இரண்டு சுடிதாருக்கு மேலே அப்பாவின் பழைய காக்கிச் சட்டை ஒன்றை மடித்து வைத்தாள். எங்கள் ஊரில் பெண்கள் வயலுக்கோ மண் வேலைக்கோ போனால் புடவை மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். வெயிலும் முள்ளும் தோலில் படாது. "ஒங்கப்பாருகிட்ட சொல்லாதீங்க, சட்டையைத் தேடுவாரு," என்றாள் அம்மா.

தங்கை என் அறையில் தங்கிக்கொண்டாள். காலையில் முதல் பஸ்ஸில் லாடபுரம் போவாள், வெயில் ஏறி மதியம் ஆகிவிட்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள். இருபது பேர் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பாங்க் ஊழியர், திருச்சியிலிருந்து ஒரு கணவன் மனைவி, கூடவே ஒரு வனக்காவலர். குழுவை நடத்தியவர் முப்பது வயது இருக்கும் ஒரு இன்ஜினியர் பெண், எப்போதும் அகலமான துணித் தொப்பியோடு இருப்பார். மே மாதத்தில் அருவியில் தண்ணீர் இருக்காது, பாறையில் கறுப்பாகத் தடம் மட்டும் இருக்கும். ஐப்பசி மழைக்குத்தான் கூட்டம் வரும். அப்போது மழைத் தண்ணீரும் அதே பாதையில்தான் இறங்கும். மண் அரித்து, வேர் துருத்தி, வருடத்துக்கு நாலு பேராவது காலை உடைத்துக்கொள்வார்கள். தண்ணீரைப் பாதையிலிருந்து பக்கவாட்டில் திருப்பிவிடக் குறுக்கு வாய்க்கால் வெட்டுவதும், சரிவில் கல் பதித்துப் படி அமைப்பதும், பாதையை மூடியிருக்கும் உண்ணிச்செடியை வெட்டுவதும்தான் இவர்கள் வேலை.

முதல் நாள் வந்து பாயில் விழுந்தவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"வாய் வலிக்குது."

"கை வலிக்கலையா?"

"கைக்கு இது ஒண்ணும் புதுசில்ல. பேசிப் பேசி வாய்தான் வலிக்குது. ஆளு ஆளுக்கு எந்த ஊரு, என்ன படிக்கிறன்னு கேக்குறாங்க." பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு அண்ணன் கம்ப்யூட்டர் படிக்குது. மம்பட்டியக் கிரிக்கெட் பேட்டு மாதிரி புடிக்குது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"கேட்டுக்கிச்சா?"

"கேட்டுக்கிச்சு. தேங்க்ஸ் சொல்லுச்சு. எனக்கு என்ன திருப்பிச் சொல்றதுன்னு தெரியல. பரவால்லன்னு சொல்லிட்டேன்."

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய கல்லைத் தூக்கும்போது ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். அவர் கல்லின் தலைமாட்டில் நிற்பார். யார் எங்கே பிடிப்பது, எப்போது தூக்குவது, எங்கே இறக்குவது எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேர் பேசினால் கல் யாருடைய காலிலாவது விழும். வயது, படிப்பு பார்க்காமல் இந்த முறை எல்லோருக்கும் மாறி மாறி வரும். குழுவை நடத்தும் பெண்ணும் மற்ற நேரத்தில் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான். என் தங்கை மட்டும் தன் முறை வரும்போதெல்லாம், "நாளைக்குச் சொல்றேன்," என்று அடுத்தவருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, வூட்ல என்னைய மட்டும் நாள் பூரா ஏவுற?" என்றேன்.

"ஒன்ன ஏவுனா யாரு காலும் நசுங்காது."

ஒரு புதன்கிழமை நூலகத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு போனேன். அன்று அவளுக்கு ஒரு குறுக்கு வாய்க்கால் கொடுத்திருந்தார்கள். அவள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல், நூல் பிடித்த மாதிரி ஓரம் வெட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் அவள் சொன்ன கம்ப்யூட்டர் தம்பி பாதி முடிப்பதற்குள் இவள் முழுவதும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். வாய்க்காலின் நடுவில் மட்டும், மேலே புல்லோடு, சின்னச் சின்னத் தூண் மாதிரி மூன்று மண் கட்டிகளை வெட்டாமல் விட்டிருந்தாள். நானும் அதைப் பார்த்தேன். எனக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

குழுவை நடத்தும் பெண் வந்து குனிந்து பார்த்தார். "வேலை அருமையா இருக்கும்மா. இது என்ன, நடுவுல வரிசையா கோயில் கட்டியிருக்க?" என்று விரலை நீட்டிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் தங்கைக்குத் தான் செய்தது உறைத்தது. எனக்கும்தான்.

அந்த நேரம் பார்த்துக் கீழே வேல மரத்தடியில் ஒரு பைக் வந்து நின்றிருந்ததை நான் கவனித்தேன். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மகள் கையில் மம்பட்டி, உடம்பில் அவருடைய சட்டை, தொப்பி போட்ட ஒரு பெண் மண்ணைக் காட்டி ஏதோ கேட்கிறார், சுற்றி இருபது பேர் சிரிக்கிறார்கள். நான் கீழே ஓடினேன்.

"என்னப்பா இங்க?"

"சிறுவாச்சூரு கோயிலுக்கு வந்தேன். அப்புடியே பாத்துட்டுப் போவலாம்னு."

"இன்னைக்குப் புதன்கெழமைப்பா."

சிறுவாச்சூர் காளியம்மனுக்கு நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதான், சாத்தியிருந்துச்சு," என்றார். பிறகு, "எதுக்கு அவளப் பாத்து சிரிக்கிறாங்க?" என்றார். குரல் மாறியிருந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மேலே என்ன பேச்சு என்று கேட்க நாலு அடி ஏறினார்.

தங்கை எங்களைப் பார்க்கவில்லை. "அளக்க ஆள் வருவாங்கன்னு விட்டுட்டேன்க்கா," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"யாரு அளக்க?"

"எங்கூர்ல ஓவர்சியர் வருவாரு. எங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போவுது. எவ்வளவு ஆழம் வெட்டியிருக்குன்னு தெரியணும்ல, அதுக்கு நடுவுல பழைய மண்ண இந்த மாதிரி விட்டு வெப்பாங்க. இதையும் சேத்து வெட்டிட்டா அளவு தெரியாது, கூலி கொறஞ்சிடும். சின்னப் புள்ளையிலேர்ந்து அதையே பாத்தனா, கை தானா விட்டுடுச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்லூரியில் மூன்று வருடமும் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாரும் என்னைக் கேட்காமல் இருந்ததே எனக்கு நிம்மதியாக இருந்தது. இவளோ, யாரும் கேட்காமலே இருபது பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கம்ப்யூட்டர் தம்பி கேட்டான்: "அப்ப என்னோடத அளந்தா கூலி எவ்ளோ வரும்?"

"ஒங்களுக்கா? நீங்கதான் ஓவர்சியருக்குக் குடுத்துட்டுப் போவணும்ண்ணே."

இந்த முறை எல்லோரும் வேறு மாதிரி சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே மம்பட்டியை ஓங்கி அந்த மூன்று கட்டிகளையும் வெட்டி எறிந்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தோளில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்ததாக அந்த வாய்க்காலின் கீழ் ஓரத்தில் ஒரு தட்டைக் கல்லைப் படியாகப் பதிக்க வேண்டும். "யாரு முறை?" என்றார் குழுவை நடத்தும் பெண்.

"இவங்க முறைதான். தெனமும் தள்ளிப் போடுறாங்க," என்றான் கம்ப்யூட்டர் தம்பி.

தங்கை நிமிர்ந்தபோது அப்பாவைப் பார்த்துவிட்டாள். மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். பிறகு போய்க் கல்லின் தலைமாட்டில் நின்றாள்.

"செரி. நான் சொல்றேன்," என்றாள். குரல் முதலில் லேசாகத் தடுக்கியது. "க்கா, நீங்க அந்தப் பக்கம் வாங்க. தொப்பியக் கழட்டிடுங்க, கண்ண மறைக்குது."

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் தொப்பியைக் கழற்றிப் புதர் மேல் வைத்தார். என் பக்கத்தில் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடப்பாரைய அடியில விடுங்க. வெரல எடுங்க, நசுங்கிடும். சார், நீங்க காலத் தள்ளி வெச்சுக்கங்க." பாங்க்கில் வேலை பார்ப்பவர் காலைத் தள்ளி வைத்தார். தங்கை சுற்றிப் பார்த்தாள். இரண்டு பேர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். கல்லின் ஒரு முனையில் ஆள் இல்லை. நான் நகர்வதற்குள் அவள் சொன்னாள்:

"ப்பா, சும்மா நிக்காத. வந்து இந்த முனையப் புடி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் நாற்காலி எடுக்காத மனிதர். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் செருப்பைக் கழற்றியது.

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்க் குந்தினார். கல்லின் அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இத இப்புடிச் சாய்ச்சுக் கொண்டாந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ப்பா. பேசக் கூடாது. தலமாட்டுல நிக்கிறவங்கதான் பேசணும்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை வீட்டில் பார்த்ததில்லை.

"இப்ப தூக்கு. மெதுவா. அக்கா பக்கம் கொஞ்சம் எறக்கு. போதும், நிறுத்து. அப்பா, நீ மட்டும் தள்ளு. எறக்கு."

கல் இடத்தில் உட்கார்ந்தது. தங்கை அதன் மேல் ஏறி நின்று உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். கல் ஆடியது. மறுபடி தூக்கச் சொன்னாள். அடியில் ஒரு சில்லைச் செருகி இறக்கச் சொன்னாள். மறுபடி ஏறி நின்றாள். இன்னும் லேசாக ஆடியது. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது, யாரும் முகம் சுளிக்கவில்லை, மூன்றாவது தடவையும் தூக்கினார்கள். அதற்குப் பிறகு கல் அசையவில்லை. குழுவை நடத்தும் பெண் தண்ணீர் பாட்டிலை முதலில் அப்பாவிடம் நீட்டி, "ரொம்ப நன்றிங்கய்யா," என்றார். அப்பாவுக்கு என்ன திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லை. "பரவால்ல," என்றார்.

அவர் போகவில்லை. வேலை முடியும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தபோது அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன்னுடையதைப் பிரித்த பிறகு அவரும் பிரித்தார்.

"அளக்க ஆள் வர மாட்டாங்கன்னா, வேலை சரியா இருக்குதான்னு எப்புடித் தெரியும்?" என்று அவளிடம் கேட்டார்.

"மழை பெஞ்சா தெரிஞ்சிடும்பா."

அப்பா தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். கிளம்பும்போது அவள் போட்டிருந்த சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்து, "இது என்னுதுதானே," என்றார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "ஒங்கப்பாரு வேலைக்குப் போயிட்டு வந்தாராமுல்ல? கூலி எவ்ளோ குடுத்தாங்கன்னு கேட்டேன். எலுமிச்சஞ்சோறுங்கிறாரு."

பின்னாலிருந்து அப்பா குரல் கேட்டது. "ஊறுகாயும் குடுத்தாங்கன்னு சொல்லு."

அம்மா சிரித்து முடிப்பதற்குள் அவர் போனை வாங்கிவிட்டார். "பாப்பா இருக்காளா?"

"அசந்து தூங்குறாப்பா."

"அந்த மேட்டுப்பாளையத்துக்கு நம்மூர்லேர்ந்து எப்புடிப் போவணும்? திருச்சி போயி மாறணுமா?" என்றார்.

"திருச்சியில மாறி, கோயம்புத்தூர்ல ஒருக்கா மாறணும்பா."

"ம். ப்ளஸ் டூ பரீட்ச முடியட்டும். நானே கொண்டு போயி விடுறேன்." போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அப்பறம் ஒண்ணு. அந்தக் கல்லு வலது பக்கம் ஒரு வெரக்கட தாழ்ந்து கெடக்குது. நாளைக்குப் பாக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டுப்பாளையம் என்றதும் சீப்பு அப்படியே முடியில் நின்றுவிட்டது. கண்ணாடியிலேயே என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஜடையைப் பின்னி முடித்து, காக்கிச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டாள்.

"தண்ணி அந்தப் பக்கம் வழியணும்னுதான் வலது பக்கம் தாழ்த்தி வெச்சேன். அப்பாகிட்ட சொல்லிடு," என்றாள். கதவைத் திறந்தவள் திரும்பி, "நான் சொன்னேன்னே சொல்லு," என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினாள்.